காது மடலில் ஒரு சொட்டு

காலை ஐந்தேகால். மதுரைக்குத் தெற்கே ஒரு கல்லூரி மைதானம். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் மேசை. அதன்மேல் பஞ்சு, ஸ்பிரிட், கையுறைகள், இரண்டு ஸ்டாப்வாட்ச், பரீட்சை அட்டையில் செருகிய தாள்கள், ஒரு சின்ன ஐஸ் பெட்டி. குடிதண்ணீர் இருக்கும் என்று எட்டிப் பார்த்தால், உள்ளே விரல் நீளம்கூட இல்லாத ஸ்ட்ரிப்புகள்! வெயில் ஏறினால் கெட்டுப்போகுமாம். பக்கத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவி. வீட்டில் அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கிறோமே, அதற்குத் தம்பி மாதிரி இருக்கிறது. இது பார்ப்பது லாக்டேட்.

எனக்கு அப்போதே படபடப்பு தொடங்கிவிட்டது. எத்தனையோ 800 மீட்டர் ஓட்டங்களைக் கேலரியில் நின்று கத்திக் கத்திப் பார்த்திருக்கிறேன். கடைசி வளைவில் முன்னால் போகிற பையனுக்குத் திடீரென்று கால் கல்லாகிப்போகும். பின்னால் வந்தவன் சட்டென்று தாண்டிப் போவான். அந்தக் கணத்துக்கு முன்னால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று இன்றைக்கு ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கப் போகிறோம்! தூக்கமாவது ஒன்றாவது!

மைதானத்தில் எல்லோரும் இதை ‘த்ரெஷோல்டு’ என்கிறார்கள். முழுப்பெயர் அனரோபிக் த்ரெஷோல்டு. மெதுவாக ஓடும்போது தசையில் உண்டாகும் லாக்டேட்டை உடம்பு அவ்வப்போது எடுத்து எரித்துவிடும். வேகம் கூடக் கூட உற்பத்தியும் கூடும். ஏதோ ஒரு வேகம் வரைக்கும் வரவும் செலவும் கட்டுக்குள் நிற்கும். அதைத் தாண்டிக் கொஞ்சம் அழுத்தினாலும் வரவு மிஞ்சி ரத்தத்தில் தேங்க ஆரம்பித்துவிடும். கணக்கு சரியாக நிற்கிற அந்தக் கடைசி வேகத்தைத்தான் இன்று தேடுகிறோம்.

‘அனரோபிக்’ என்ற பெயரைப் பார்த்து, அந்த இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது என்று நினைத்துவிடக் கூடாது. தீருவதே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் பிறந்த கதையைக் கேட்டபோது நான் வாயைப் பிளந்துவிட்டேன். 1964இல் வாசர்மன், மெக்கில்ராய் என்ற இரண்டு மருத்துவர்கள் உழைப்பின்போது இந்த எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதியது ஓட்டக்காரர்களுக்காக அல்ல, இதய நோயாளிகளுக்காக! ஆஸ்பத்திரியில் பிறந்த சொல் இன்று இந்தச் செம்மண் தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓட்டம் தொடங்கும் முன் ஒரு விசாரணை நடந்தது. எம்.பி.எட். முடித்து ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்தான் இன்றைக்கு ஊசி பிடிப்பவர். பிள்ளைகளுக்கு அவர் ‘அக்கா’. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறார்.

“ராத்திரி என்ன சாப்பிட்ட?”

“சாப்பிடலக்கா. அசதியா இருந்துச்சு, படுத்துட்டேன்.”

“சரி தம்பி, நீ இன்னிக்கு ஓட வேணாம். ஓரமா உக்காந்து நேரம் குறி.”

பையன் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கும் பாவமாக இருந்தது. காரணம் கேட்டேன். ராச்சாப்பாடு இல்லையென்றால் தசையில் கிளைக்கோஜன் இருப்பு குறையும். இருப்பு குறைந்தால் லாக்டேட்டும் குறைவாகவே வரும். கருவியில் வரும் எண் அழகாக இருக்கும். “பட்டினி கிடந்தவன் பேப்பர்ல சாம்பியன் மாதிரி தெரிவான். அதை நம்பிப் பயிற்சி குடுத்தா பிள்ளை படுத்துக்கும்” என்றார் அக்கா. கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு டீ போட்டுவிட்டு வந்த இன்னொருவனுக்கும் அடுத்த ஞாயிறுதான். டீயில் உள்ள காஃபின் லாக்டேட்டை ஏற்றிக் காட்டக்கூடும். சளி, காய்ச்சல் இருந்தால் சோதனை கிடையாது. முந்தின நாள் கடுமையாக ஓடியிருந்தாலும் கிடையாது. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடாதவர்களைத் தொடுவதே இல்லை. பதினெட்டு நிறையாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். ஒவ்வொரு குத்தலுக்கும் புது ஊசி. பயன்படுத்திய ஊசி உடனே மூடி போட்ட டப்பாவுக்குள் போய்விடுகிறது. இதையெல்லாம் பார்க்கும்போதே இந்தக் குழு மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 400 மீட்டர் தடத்தைச் சுற்றி எட்டு கோன். ஒரு கோனுக்கும் அடுத்த கோனுக்கும் 50 மீட்டர். பி.டி. சார் கைபேசியில் விசில் சத்தத்தைப் பதிந்து ஒரு ஸ்பீக்கரில் போடுகிறார். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு கோனில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் என்றால் 15 விநாடிக்கு ஒரு விசில். 15 கிலோமீட்டர் என்றால் 12 விநாடி. 18 என்றால் 10 விநாடி. எவ்வளவு அழகாக உட்காருகிறது பாருங்கள்! நடுவில் வரும் எண்கள்தான் கொஞ்சம் படுத்தும். 16க்கு 11.25 விநாடி, 14க்கு 12.86. அதற்காக ஒரு பையன் முந்தின ராத்திரி முழுக்க உட்கார்ந்து விசில்களை வெட்டி ஒட்டியிருக்கிறான். அவன் ஓடவில்லை. ஆனால் அவன் இல்லாமல் இன்றைக்கு ஒன்றும் இல்லை.

ஒரு படிக்கு மூன்று ரவுண்டு, அதாவது 1200 மீட்டர். பிறகு ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அதற்குள் ரத்தம் எடுத்துவிட வேண்டும். அடுத்த படியில் வேகம் ஒரு கிலோமீட்டர் கூடும். ஒரே ரவுண்டோடு ஏன் முடிக்கக் கூடாது என்றால், தசையில் உண்டான லாக்டேட் ரத்தத்துக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். படி குறுகினால் ரத்தம் பழைய கதையைச் சொல்லும்.

முதலில் வந்தவர் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. 1500 மீட்டர் ஓடுகிறவர். மார்பில் இதயத் துடிப்புப் பட்டை, தலைமுடியை இறுக்கிப் பின்னி மேலே கட்டியிருக்கிறார், காது மடல் வெளியே தெரிய வேண்டுமே! முதல் படி 11 கிலோமீட்டர். விசில், கோன், விசில், கோன். கோயில் சுற்றுவது மாதிரி நிதானமாக வருகிறார். மூன்றாவது ரவுண்டு முடியும் இடத்தில் அக்கா தயாராக நிற்கிறார்.

அந்த ஒரு நிமிடத்தை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முதலில் காதைத் துடைத்து உலர்த்துகிறார். ஸ்பிரிட். மறுபடி உலர்த்தல். ஒரு குத்தல். முதல் சொட்டைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுகிறார். இரண்டாவது சொட்டுதான் கணக்கு. காரணம் வியர்வை! வியர்வையிலும் லாக்டேட் இருக்கிறது, அதுவும் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாக. ஒரு துளி வியர்வை கலந்தால் போதும், நடந்து வந்தவருக்கும் கருவி உயர்ந்த எண்ணைக் காட்டிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் காது மடலை உலர்வாக வைத்திருப்பதே ஒரு கலை. ஸ்ட்ரிப்பின் நுனி சொட்டைத் தொட்டதும் உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம். திரையில் எண்கள் இறங்குகின்றன, பதினைந்து, பதினான்கு…

1.6.

மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 1 மில்லிமோல் இருக்கும். ஆக, இந்த ஓட்டம் அவருக்கு நடை மாதிரி. அடுத்து 12 கிலோமீட்டர்: 1.9. அடுத்து 13: 2.6.

அவர் நான்காவது படிக்குப் போன இடைவெளியில் இந்த லாக்டேட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1780இல் ஸ்வீடனின் ஷீலே இதன் அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தது புளித்த பாலிலிருந்து. நம் வீட்டுத் தயிரைப் புளிக்க வைக்கும் அதே லாக்டிக் அமிலம்! பிறகு 1807இல் அதே நாட்டின் பெர்சீலியஸ் வேட்டையாடப்பட்ட மான்களின் தசையில் அதைக் கண்டார். தசையும் லாக்டிக் அமிலமும் ஆக்சிஜனும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று ஆராய்ந்த மேயர்ஹாஃபும், தசையின் வெப்பத்தை அளந்த ஏ.வி. ஹில்லும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஹில் தாமே ஓட்டக்காரர் என்பது எனக்குத் தனி சந்தோஷம். அப்புறம் ரொம்பக் காலம் லாக்டிக் அமிலம் என்றாலே களைப்பைத் தரும் கழிவு என்று நாமெல்லாம் திட்டிக்கொண்டிருந்தோம். 1980களிலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜ் புரூக்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். ஒரு தசையில் உண்டாகும் லாக்டேட்டை இன்னொரு தசை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது, இதயமும் அதை விரும்பி எரிக்கிறது. மறுநாள் காலையில் தொடை வலித்தால் “லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு” என்று சொல்லும் பழக்கத்தை மட்டும் நாம் இன்னும் விடவில்லை. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் காலியாகிவிடும். மறுநாள் வலி தசை இழைகளில் விழும் நுண்ணிய காயத்தால் வருவது.

வந்துவிட்டார்! நான்காவது படி, 14 கிலோமீட்டர். ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 43 விநாடி. இப்போது மூச்சின் சத்தம் எங்களுக்கே கேட்கிறது. பி.டி. சார் உள்வட்டத்தில் கூடவே கொஞ்ச தூரம் ஓடிக்கொண்டு, “எங்க, உறுதிமொழி சொல்லும்மா” என்கிறார். பள்ளியில் காலை வணக்கத்தில் கைநீட்டிச் சொன்னோமே, அதே உறுதிமொழிதான். இதற்கு முந்தின படியில் தயங்கித் தயங்கி முழுதும் சொல்லியிருந்தார். இப்போது இரண்டு சொல் வருகிறது, ஒரு மூச்சு. இன்னும் இரண்டு சொல், இன்னொரு மூச்சு.

இது விளையாட்டுக்குச் செய்வது கிடையாது. இதற்குப் பேச்சுச் சோதனை என்றே பெயர். அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் குழுவினர் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கேயும் சொல்லச் சொன்னது அவர்கள் நாட்டு உறுதிமொழியைத்தான்! சௌகரியமாகப் பேச முடிந்தால் முதல் எல்லைக்கு, அதாவது லாக்டேட் ஓய்வு அளவிலிருந்து ஏறத் தொடங்கும் இடத்துக்கு, கீழே இருக்கிறோம். ‘முடியும், ஆனால் கொஞ்சம் சிரமம்’ என்றால் முதல் எல்லைக்குப் பக்கத்தில். கோவையாகப் பேசவே முடியவில்லை என்றால் இரண்டாவது எல்லையை, அதாவது நாம் தேடுகிற இடத்தை, தொட்டுவிட்டோம் அல்லது தாண்டிவிட்டோம். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

கருவியில் 4.1.

நான் துள்ளிவிட்டேன். வாயும் ரத்தமும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைச் சொன்னால் யாருக்குத்தான் துள்ளத் தோன்றாது! ஐந்தாவது படி, 15 கிலோமீட்டர். ரவுண்டுக்கு 1 நிமிடம் 36 விநாடி. இந்த முறை உறுதிமொழி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கடைசி 200 மீட்டரில் நேரம் குறித்துக்கொண்டிருந்த பையன்கள் எல்லோரும் “கோன்! கோன்!” என்று கத்த, விசிலுக்குச் சரியாக வந்து விழுந்தார். 7.0.

அட்டையில் செருகிய வரைபடத் தாளில் அக்கா ஐந்து புள்ளி வைக்கிறார். முதல் மூன்று ஏறக்குறையத் தரையோடு போகின்றன. நான்காவதில் கோடு நிமிர்கிறது, ஐந்தாவதில் பாய்கிறது. பென்சில் அந்தத் திருப்பத்தில் ஒரு வட்டம் போட்டது: 14 கிலோமீட்டர், இதயத் துடிப்பு 182.

அங்கேயே முடித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன். அவர்கள் அந்த வட்டத்தை நம்பவில்லை! அதுதான் என்னை அவர்கள் பக்கம் முழுதாக இழுத்தது.

வட்டம் விழுந்த இடம் ஏறக்குறைய 4 மில்லிமோல். எல்லைக்கு வழக்கமாகச் சொல்லும் அந்த எண் ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஆய்வுகளிலிருந்து வந்தது. மாடர் குழுவினர் 1976இல் அதை எல்லையாக வைத்தார்கள். 1985இல் ஹெக் குழுவினர் ஒரே வேகத்தில் ஓடவைத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் லாக்டேட் நிலையாக நிற்கும் உச்ச அளவின் சராசரி கிட்டத்தட்ட 4 என்றுதான் வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் அது 3லிருந்து 5.5 வரை மாறியது. சராசரி மனிதர் என்று ஒருவர் இந்த மைதானத்தில் ஓடுவதில்லையே! இரண்டாவதாக ஓடிய பையன் அதற்கு நேர் சாட்சி. 400 மீட்டரிலிருந்து 800க்கு வந்தவன், வேகக்காரன். அவன் 4ஐத் தாண்டிய படியில் உறுதிமொழியைத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். அவன் தசை லாக்டேட்டைத் தாராளமாக உற்பத்தி செய்யும் வகை. அவனுக்கு 4 என்று கோடு கிழித்தால் அவனைக் குறைத்து மதிப்பிடுவோம்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் வழி இருக்கிறது. 30 நிமிடம் ஒரே வேகத்தில் ஓடவிட்டு, பத்தாவது நிமிடத்துக்கும் முப்பதாவது நிமிடத்துக்கும் இடையில் லாக்டேட் 1 மில்லிமோலுக்கு மேல் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் மறுநாளோ அதற்கு மறுநாளோ இன்னும் கொஞ்சம் வேகமாக. இப்படிப் பல நாள். வகுப்பும் செமஸ்டரும் உள்ள பிள்ளைகளுக்கு இது கட்டுப்படியாகாது.

அதனால் இந்தக் குழு வேறு பக்கத்திலிருந்தும் நெருங்குகிறது. இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கான்கோனி 1982இல் ரத்தமே எடுக்காத ஒரு சோதனையை வெளியிட்டார். வேகம் கூடக் கூட இதயத் துடிப்பு நேர்கோட்டில் ஏறும். ஓரிடத்தில் கோடு மடங்கும். அந்த மடிப்பே எல்லை என்றார். கேட்கவே எவ்வளவு கவர்ச்சி! உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் எல்லாருக்கும் அந்த மடிப்பு தெரிவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். இந்த மாணவியின் துடிப்பு 152, 163, 173, 182, 190 என்று ஏறியிருந்தது. நான் தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ‘இதோ மடிப்பு’ என்று சத்தியம் செய்யும்படி எதுவும் தெரியவில்லை. பி.டி. சாரும் இதயத் துடிப்பை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. எட்டு மணிக்கு வெயில் ஏறிவிட்டால் அதே வேகத்துக்குத் துடிப்பு கூடிவிடும் என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம்.

அவருக்குப் பிடித்தது வெறும் ஸ்டாப்வாட்ச். எனக்கும் அதுவே பிடித்துவிட்டது! இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே மாணவியை ஒரு நாள் 1200 மீட்டரும், இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு 3200 மீட்டரும் முழு மூச்சில் ஓடவிட்டிருக்கிறார். முதலாவது 4 நிமிடம் 20 விநாடி, அதாவது 260 விநாடி. இரண்டாவது 12 நிமிடம் 40 விநாடி, அதாவது 760. தூரத்தில் வித்தியாசம் 2000 மீட்டர், நேரத்தில் 500 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 4 மீட்டர். மணிக்கு 14.4 கிலோமீட்டர். இதற்கு ‘கிரிட்டிக்கல் ஸ்பீடு’ என்று பெயர். 1965இல் மோனோ, ஷெரர் என்ற இருவர் தசைக்குப் போட்ட கணக்கிலிருந்து ஓட்டத்துக்கு வந்தது. நாம் தேடும் எல்லைக்கு இது வழக்கமாகச் சற்று மேலேதான் நிற்கும். ரத்தம் 14 என்றது, கடிகாரம் 14.4 என்கிறது, வாய் 14இல் திணறியது. மூன்றும் ஒரே தெருவில் இருக்கின்றன. இப்போதுதான் அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு 14 என்பதைப் பேனாவால் எழுதினார்.

இதற்கிடையில் பையன்கள் கைபேசியில் நார்வேக்காரர்களின் பயிற்சிப் படங்களை எனக்குக் காட்டினார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 3 நிமிடம் 28.32 விநாடியில் வென்ற யாக்கோப் இங்கப்ரிட்சன், ஓட்டங்களுக்கு நடுவே ரத்தச் சொட்டு கொடுத்துக்கொண்டு நிற்கிறார். அவர்கள் குத்திப் பார்ப்பது எல்லையைத் தாண்டாமல் இருக்கத்தான். மரியஸ் பாக்கன் போன்ற நார்வே ஓட்டக்காரர்கள் தம் உடம்பிலேயே சோதித்துக் கண்ட பாதை அது. கட்டுக்குள் ஓடினால் அதிகம் ஓடலாம், மறுநாளும் ஓடலாம்.

800 மீட்டருக்கு இதெல்லாம் எதற்கு, அது வெறும் வேகம்தானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஸ்பென்சர், காஸ்டின் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2001இல் அளந்தபோது, பயிற்சி பெற்றவர்களுக்கு 800 மீட்டரில் 66 சதவீத ஆற்றலும் 1500இல் 84 சதவீத ஆற்றலும் ஆக்சிஜன் வழியாகவே வந்தன. இரண்டு ரவுண்டு ஓட்டத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு! 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் இறுதியில் நம் ஸ்ரீராம் சிங் முதல் ரவுண்டில் முன்னால் ஓடி, 1 நிமிடம் 45.77 விநாடியில் ஏழாவதாக வந்தார். அந்த இந்தியச் சாதனை 2018 வரை, 42 வருடம் நின்றது. அவர் காலத்தில் இந்தக் காது மடல் கருவி கிடையாது.

சோதனை முடிந்து எல்லோருக்கும் வாழைப்பழம் வந்தபோதுதான் பி.டி. சார் பழைய நோட்டைக் காட்டினார். போன வருடம் வரை செவ்வாய்க்கிழமைதோறும் மொத்த அணியும் ஒரே வேகத்தில் ஓடும். பையன்களுக்கு ரவுண்டுக்கு 1.30, பெண்களுக்கு 1.36. அந்த 1.36ஐப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. கருவி 7.0 காட்டியது அதே வேகத்தில்தானே! ‘த்ரெஷோல்டு ஓட்டம்’ என்ற பெயரில் அந்தப் பெண் வாரந்தோறும் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். “புதன்கிழமை படியேற முடியாது சார். நான்தான் சோம்பேறியோன்னு நெனச்சுக்குவேன்” என்றார் அவர். சோம்பேறித்தனம் இல்லை அம்மா, வேகம் உன்னுடையதாக இல்லை.

இனி அவருக்கு 1200 மீட்டர் நான்கு தடவை, ரவுண்டுக்கு 1.43, இடையில் ஒரு நிமிடம். எட்டு வாரம் கழித்து மறுசோதனை. அப்போது அந்த எல்லை வேகம் ஏறாமல் இறங்கியிருந்தால் ஓட்டத்தைக் கூட்டப் போவதில்லை. முதலில் ஹீமோகுளோபின் பார்க்கப் போகிறார்கள். பெண் பிள்ளைகளிடம் ரத்தசோகை எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எடுக்கும் முடிவு அது.

பள்ளி, கல்லூரிகளில் ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களே, லாக்டேட் கருவி இல்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். எட்டு கோன், ஒரு விசில், ஒரு ஸ்டாப்வாட்ச், பிள்ளைக்குத் தெரிந்த ஒரு உறுதிமொழி போதும். ஒரு 1200, ஒரு 3200, ஒரு வகுத்தல். வரும் செவ்வாய்க்கிழமை மொத்த அணியையும் ஒரே விசிலுக்கு ஓடவிடாமல், ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அவரவர் ரவுண்டு நேரத்தை எழுதிக் கொடுத்து ஓடச் சொல்லுங்கள்.